தோசைக்கல்லும் பிரேக் டிஸ்க்கும்

காரைக்குடியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலுள்ள அந்தப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத சில நாட்களில் கட்டணம் கட்டிவிட்டுச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கலாம். டிராக் டே என்பார்கள். கோவைப் பக்கத்தில் செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இதற்கு வழியுண்டு.

முதல்முறை போனபோது டயர் பார்த்தேன், எஞ்சின் ஆயில் மாற்றினேன். பிரேக்கைத் தொடவில்லை. ஊரில் நன்றாகத்தானே பிடிக்கிறது என்ற நினைப்பு. நான்காவது சுற்றில், நேர்பாதை முடிந்து வளைவு நெருங்கும்போது மிதித்தேன். பெடல் பஞ்சில் அழுந்தியதுபோல உள்ளே போனது. விட்டு விட்டு மூன்று முறை மிதித்த பிறகுதான் வேகம் குறைந்தது. அதற்குள் கார் தடத்தைத் தாண்டி மண்ணில் இறங்கிவிட்டது. நெஞ்சு அடங்கியதும் எங்கள் ஊர் மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

“பெடல் கல்லு மாதிரி நின்னுச்சா, உள்ள போச்சா?”

“உள்ள போச்சுண்ணே.”

“அப்ப பேடு இல்ல தம்பி, ஆயில்தான். கொதிச்சிருக்கு. கடைசியா எப்ப மாத்துன?”

என்னிடம் பதில் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால், தேன் நிறத்தில் இருக்கவேண்டியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியில் பிரேக் இயற்பியல் பாதி அடங்கிவிடும். ஓடும் காரின் இயக்க ஆற்றலை பிரேக் அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் இருப்பதைப்போல நான்கு மடங்கு 160-இல். 1,400 கிலோ எடையுள்ள கார் 160-லிருந்து 60-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 12 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். குழாயில் பிடித்த நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அடுப்பில் பத்து நிமிடத்துக்கு மேலாகும் வேலையை பிரேக் மூன்றரை விநாடியில் முடிக்கிறது. கணக்குப் போட்டால் 450 குதிரைசக்தி வருகிறது. 200 குதிரைசக்தி எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அதைவிட இருமடங்குக்கு மேல் வலுவான பொறி சக்கரத்துக்குள் சத்தமில்லாமல் இருக்கிறது.

இந்த வெப்பத்தில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளுக்குப் போகும். டிஸ்க் ஒன்பது கிலோ என்றால், ஒரே மிதியில் அதன் சூடு 90 டிகிரி அளவுக்கு ஏறலாம். ஊருக்குள் ஓட்டும்போது அடுத்த மிதிக்குள் ஆறிவிடும். தடத்தில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சூடு படிப்படியாக ஏறி 500 டிகிரியைத் தொடுவது அங்கே அசாதாரணமல்ல. அது பேடு வழியாகக் காலிப்பர் பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் கடக்கிறது.

ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயல்ல; பெரும்பாலும் கிளைகால் வகைத் திரவம். (நிஜ எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.) காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது இதன் குணம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 155-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 5.1-க்கு இந்த எண்கள் 260, 180. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். உள்ளே ஒரு குமிழி உண்டானால் போதும், காலின் விசை குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். எனக்கு நடந்தது இதுதான்.

வருடத்தில் பத்து மாதம் ஷெட்டில் நிற்கும் கார்கள் எங்கள் பக்கம் நிறைய. கிலோமீட்டர் ஓடவில்லையே, எதற்கு மாற்றவேண்டும் என்பார்கள். நின்றாலும் ஈரம் சேரும். ஈரம் சேர்ந்தால் உள்ளே துருவும் பிடிக்கும். துரு என்பது மின்வேதியியல். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழுந்த, எங்கள் காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி ஆராயும் விஷயங்களில் ஒன்று. சிக்ரி திறக்கப்பட்டது 1953 ஜனவரியில். அதே வருடம் ஜூனில் பிரான்ஸின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. டிரம்முக்குள் அடைபட்ட சூட்டைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்ததே அந்த வெற்றியின் ரகசியம்.

ஆகவே, தடத்துக்குப் போகும் வாரத்தில் புதிய திரவம் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஏர் எடுத்துவிடுங்கள். ஒரு டயரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. பந்தயத்துக்கென்றே 300 டிகிரியைத் தாண்டும் திரவங்கள் உண்டு. அவற்றை இன்னும் அடிக்கடி மாற்றவேண்டும்.

பேடு கெட்டால் அடையாளம் வேறு. பெடல் கல்போல நிற்கும், கார் நிற்காது. சாலைப் பேடிலுள்ள பிசின் அளவு மீறிய சூட்டில் வாயுவாகக் கசிந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே உராய்வைக் குறைத்துவிடும். அதற்காக முழுப் பந்தயப் பேடு போடவேண்டுமென்றால் நான் வேண்டாமென்பேன். பல பந்தயப் பேடுகள் சூடேறினால்தான் நன்றாகக் கடிக்கும். விடியற்காலையில் வீட்டுவாசலில் கார் எடுக்கும்போது, தெருவில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் அந்தக் குளிர்ந்த பேடு என்ன செய்யும்? சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான நடுத்தர வகையே எப்போதாவது போகிறவர்களுக்குச் சரி. பாதி தேய்ந்த பேடோடு போகாதீர்கள். பேடு மெலிந்தால் சூடு திரவத்தைச் சீக்கிரம் எட்டும்.

புதுப் பேடைப் பழக்கவும் வேண்டும். வார்ப்பிரும்பு தோசைக்கல் வாங்கிய அன்றே அதில் தோசை வார்ப்போமா? எண்ணெய் தடவி, காயவைத்து, வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி ஆறவைத்துப் பழக்கிய பிறகே ஒட்டாமல் வரும். டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான். பின்னால் வண்டி வராத சாலையில், வேகமெடுத்து, முழுதும் நிற்காமல் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தமாக மிதித்து, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டால், பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு பேடு பிடிப்பது அந்தப் படலத்தையும் சேர்த்துத்தான். படலம் திட்டுத் திட்டாகப் படிந்தால் ஸ்டியரிங் உதறும். டிஸ்க் கோணிவிட்டது என்று கடைசலுக்குக் கொடுக்கிறோம். பல நேரங்களில் கோணியிருப்பது டிஸ்க் அல்ல, நாம் பழக்கிய விதம்.

அழகுக்காகத் துளையிட்ட டிஸ்க் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மீண்டும் மீண்டும் சூடேறி ஆறும்போது துளை ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். அந்தப் பணத்தில் டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய் பொருத்தலாம்.

ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வருவேன். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடமாட்டேன். கொதிக்கும் டிஸ்க்கைப் பேடு கவ்விக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் திட்டு விழும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

மாலையில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் சக்கர இடுக்கில் டார்ச் அடித்து பேடு எவ்வளவு மிச்சமென்று பார்ப்பேன். பிறகு காரை நிறுத்தியபடியே பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். காலையில் நின்ற உயரத்தில் அது நின்றால்தான் திருச்சி சாலை. இரவு, லாரிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவே இன்னும் 400 கிலோமீட்டர் இருக்கிறது.