தறிக்குழியும் துறையில்லாத கடற்கரையும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையை நூல் நூலாகப் பிரித்தாலும் காஞ்சிபுரத்தில் விளைந்த பொருள் ஒன்றும் அதில் அகப்படாது. பட்டுநூல் கர்நாடகத்துச் சரக்கு. ஜரிகை சூரத்துச் சரக்கு. பாலாற்றுத் தண்ணீரில் சாயம் தோய்த்தால்தான் அந்த மினுமினுப்பு வரும் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பாலாறும் கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, இங்கே வந்து சேரும்போது பெரும்பாலும் வெறும் மணலாகத்தான் கிடக்கிறது. அப்படியிருக்க, இந்த ஊரில் தறி எப்படி வேரூன்றியது?

இதற்கு உறவுக் கேள்வி ஒன்றும் உண்டு. கப்பல் ஒதுங்க ஒரு துறைகூட இல்லாத சென்னைக் கடற்கரையில் ஆங்கிலேயர் ஏன் கோட்டை கட்டினார்கள்? இரண்டுக்கும் பதில் ஒரே நிலத்தில்தான் இருக்கிறது.

பாலாற்றுச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிகிறது. வடகிழக்குப் பருவமழையோ சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டால் அந்த மழை ஏரியாக நிற்கும். ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்குப் போகும். ஆற்றில் தண்ணீர் ஓடாத காலத்திலும் மணலுக்கடியில் ஈரம் ஓடும். அதை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்று பெயர் வந்ததும், இங்கே நெல் விளைந்ததும் இப்படித்தான்.

நெசவுக்கு வேண்டியது பஞ்சு மட்டுமா? நாள் முழுக்கத் தறியில் உட்காருகிறவருக்குச் சோறு வேண்டும். அந்நாளில் தென்னிந்தியத் தறிகளுக்குப் பஞ்சின் பெரும்பகுதி தக்காணத்துக் கரிசல் நிலத்திலிருந்து லம்பாடிகளின் பொதிமாடுகளில் வந்தது. ஒரு மாட்டுச் சுமை பஞ்சின் விலை, ஒரு சுமை நெல்லின் விலையைவிட அதிகம். சோற்றைப் பஞ்சு விளையும் இடத்துக்குச் சுமப்பதைவிடப் பஞ்சைச் சோறு விளையும் இடத்துக்குச் சுமப்பதுதான் கட்டுப்படியாகும். நெல் மலிந்திருந்ததால், 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரின் கூலி காசுக் கணக்கில் குறைவாகத் தெரிந்தாலும், வாங்கும் சோற்றை வைத்து அளந்தால் இங்கிலாந்து நெசவாளருக்கு அவர் இளைத்தவரல்லர் என்கிறார் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி.

இனித் தறிக்கு வருவோம். குழித்தறி என்பது வீட்டுத் தரையில் ஒரு குழி, அதன்மேல் சில மரச்சட்டங்கள், ஓர் அச்சு, நாடா. பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க நீளமான தெருவும் நல்ல வெயிலும் வேண்டும். சமவெளி இரண்டையும் தாராளமாகக் கொடுத்தது. ஐப்பசி அடைமழையில் தெருவில் பாவு போட முடியாது. தறிக்குழியிலும் நீர் ஊறும். அதே ஐப்பசியில்தான் புயலுக்கு அஞ்சிக் கப்பல்களும் சோழமண்டலக் கரையைவிட்டுக் கிளம்பின. காஞ்சியின் தறிக்கும் கடலில் நின்ற கப்பலுக்கும் பஞ்சாங்கம் ஒன்றே.

1639இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைக் கரையைத் தேர்ந்தெடுத்தபோது அங்கே இருந்தது மணலும் அலையும்தான். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலைதாண்டிக் கொண்டுவந்தன. அலை மோதினால் வளைந்து கொடுக்கும் படகு அது. அவ்வளவு சிரமத்தையும் டே பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் துணி. மற்ற இடங்களைவிட இங்கே துணி சுமார் ஐந்தில் ஒரு பங்கு மலிவு என்பது அவர் போட்ட கணக்கு.

ஒரு நல்ல துறைமுகம் இருந்திருந்தால் வணிகம் முழுவதும் அங்கே போய்க் குவிந்திருக்கும். அப்படி ஒன்று இல்லாததால் கடற்கரை நெடுகப் பல கடைகள் முளைத்தன. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள், புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள். வாங்குகிறவர்கள் பலர் என்றால் விற்கிறவருக்குக் கொஞ்சம் பலம். முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியை அவருக்கு விற்கலாம். நெருக்கடி முற்றினால் தறிச் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு ஊரைவிட்டே போகலாம். குழி எங்கும் வெட்டிக்கொள்ளலாமே! நெசவாளர்களைத் தன் பக்கம் இழுக்கக் கம்பெனி 1734இல் குடியிருப்பே அமைத்தது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள்.

1763இல் நிலைமை திரும்பியது. ஆற்காட்டு நவாப் முகமது அலி, காஞ்சிபுரம் உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2000 ஊர்களை அளந்து, ஏரி, வயல், வீடு, மானியம் என்று கணக்கெடுத்தார். 1780இல் மேற்கே மைசூரிலிருந்து வந்த ஹைதர் அலியின் குதிரைப்படைக்கு இந்தத் தட்டைநிலத்தில் தடை ஏதும் இல்லை; ஊர்கள் பாழாயின. பிறகு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் வரும் துரை அவர்தான். இரக்கத்தைவிட அதில் கணக்கே அதிகம்: கரை உடைந்தால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் வரி இல்லை.

1801இல் நவாபின் கர்நாடகச் சீமை முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. வரி கேட்பவரும் துணிக்கு விலை சொல்பவரும் வழக்குத் தீர்ப்பவரும் ஒருவரே ஆனார். தறியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சீமைக்குப் போனால் அங்கேயும் அதே கம்பெனிதான் நின்றது.

ஒரு சமூகத்தின் வளத்தை முடிவு செய்வது நிலமா, ஆட்சி அமைப்பா என்பதுபற்றிப் பொருளியலில் பெரிய விவாதமே உண்டு. கரும்புக்கு ஏற்ற கரீபியத் தீவுகளில் பெரும் தோட்டங்களும் அடிமை முறையும், கோதுமைக்கு ஏற்ற வட அமெரிக்காவில் சிறு பண்ணைகளும் வளர்ந்தன. அந்தச் சமூகங்களின் ஏற்றத்தாழ்வு அங்கிருந்தே தொடங்கியது என்றனர் எங்கர்மனும் சோக்கலாஃபும். நிலத்தைவிட, காலனி ஆட்சி அமைத்த நிறுவனங்களே ஒரு நாட்டின் செல்வத்தை முடிவு செய்கின்றன என்ற வாதத்துக்காக அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றார்கள். காஞ்சியின் கதை இரண்டாவது கட்சிக்கே அதிகம் சாட்சி சொல்கிறது. ஏரியும் வெயிலும் அலையும் 1700இல் இருந்தபடியேதான் 1801இலும் இருந்தன. நெசவாளரின் பேரம் பேசும் பலம் மட்டும் போய்விட்டது.

பிறகு இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் வந்தன. நிலக்கரியும் நூல் அறுந்துபோகாத ஈரக்காற்றும் அந்தப் பகுதிக்குக் கிடைத்த வரம். சாதாரணப் பருத்தித் துணி அந்தப் போட்டியில் தோற்றது, பட்டு தப்பியது. சேலையின் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, பக்கத்தில் ஓர் உதவியாளை வைத்துக்கொண்டு இழை இழையாகக் கோக்கும் கோர்வை வேலை விசைத்தறிக்கு எளிதில் பிடிபடவில்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு வேண்டிய மிதமான சூடு காஞ்சிச் சமவெளியில் இல்லை. மைசூர் மேட்டுநிலத்தில் இருந்தது. அங்கே பட்டு வளர்ப்புக்கு அடிகோலியவர் ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தான். 1780இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படையை முறியடித்ததில் அவருக்கும் பங்கு உண்டு. தகப்பன் படை பாழாக்கிய சீமையின் தறிகளுக்கு மகன் தொடங்கிவைத்த தொழில் நூல் அனுப்பியது.

அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது கோயிலையும் கடையையும் பார்த்த கையோடு ஒரு தறிக்குழியையும் எட்டிப் பாருங்கள். நெய்கிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறுமா? இந்தச் சேலையை எத்தனை பேர் விலை கேட்டார்கள்? முதல் கேள்விக்கான பதிலை நிலம் சொல்லும். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.