பாட்டு கரகரக்கிறதா? ஸ்பீக்கரைத் தூக்கி எறியாதீர்கள்!

என் மைத்துனர் சென்ற மாதம் முதல் முறையாக ஒரு லேப்டாப் வாங்கினார். வீட்டில் பழைய மியூசிக் சிஸ்டத்தின் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் சும்மா கிடந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிபயரையும் வாங்கி இணைத்துவிட்டார். அதன் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘50 வாட் + 50 வாட்’ என்று போட்டிருந்தது. இரண்டாம் நாளே போன் வந்தது.

“அத்தான், சத்தம் கூட்டினா நாதஸ்வரம் தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு. ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். புதுசு ஒரு ஜோடி ஆறாயிரம் ரூபாய் சொல்றாங்க. வாங்கிடட்டுமா?”

“வாங்காதீங்க, ஞாயிற்றுக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் சத்தத்தைக் குறைச்சே வைங்க” என்றேன். காரணம் உண்டு. இதே மாதிரிக் கரகரப்பைக் கவனிக்காமல் சத்தமாகப் பாட்டுக் கேட்டு, ஒரு ஜோடி ஸ்பீக்கரில் ஒரு ட்வீட்டரைக் கருக்கிய அனுபவம் எனக்கு இருக்கிறது. ட்வீட்டர் என்பது உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர். அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் தலைமுடி போல மெலிந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலரும் இன்று இப்படிப்பட்ட சிறிய ஆம்ப்ளிபயர்களை வாங்குகிறார்கள். விலை குறைவு, சூடும் அதிகம் இல்லை. ஆனால் ஒலி சிதைந்தால் பழி முதலில் ஸ்பீக்கர் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் அது நிரபராதி.

முதல் சோதனை மிகவும் எளிது. லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிபயர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் ஹெட்போனைச் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். ஹெட்போனிலும் கரகரத்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அல்லது அந்தப் பாட்டுக் கோப்பிலேயே இருக்கிறது. ஹெட்போனில் சுத்தமாக இருந்தால் ஆம்ப்ளிபயர் பக்கம் போக வேண்டும். மைத்துனர் வீட்டில் இரண்டு பக்கமும் தப்பு இருந்தது!

கம்ப்யூட்டருக்குள் நடக்கும் தப்பு

சி.டி. தரத்தில் ஒலி 16 பிட் எண்களாகப் பதிவாகிறது. அதாவது ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலி அலையின் உயரம் அளக்கப்பட்டு, -32768க்கும் +32767க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாக எழுதப்படுகிறது. இதற்கு மேலே எண் கிடையாது. அலை அதைத் தாண்டி உயர முயன்றால், கத்தியால் சீவியது போல அதன் தலை தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

இது எப்போது நடக்கும்? இன்றைய பாடல்கள் பல, ஏற்கெனவே அந்த உச்சியைத் தொடும்படியே பதிவாகி வருகின்றன. அதன் மேல் நீங்கள் ஈக்வலைசரில் பாஸ் பட்டையை 6 டெசிபல் ஏற்றுகிறீர்கள். 6 டெசிபல் என்றால் அலையின் உயரம் இரண்டு மடங்கு. அது போக இடம் ஏது? வி.எல்.சி. பிளேயரில் வால்யூமை 100-ஐத் தாண்டி இழுப்பதும் இதே காரியம்தான். மைத்துனர் இரண்டையும் செய்திருந்தார். போதாக்குறைக்கு விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் வேறு ஆன் ஆகியிருந்தது.

சரி செய்ய, விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரைக் க்ளிக் செய்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்யுங்கள். பிளேயரின் வால்யூமை 100-க்கு மேல் கொண்டு போகாதீர்கள். ஈக்வலைசர் கட்டாயம் வேண்டும் என்றால், எந்தப் பட்டையை அதிகமாக ஏற்றினீர்களோ அதே அளவுக்கு பிரீஆம்ப் பட்டையை இறக்குங்கள். பாஸ் 6 ஏற்றினால் பிரீஆம்ப் 6 இறங்க வேண்டும். சத்தம் குறைந்தால் ஆம்ப்ளிபயர் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம்.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்ந்தெடுத்து, 400 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிடியூட் 0.4 என்று கொடுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்துக்கொண்டு கேளுங்கள். ‘ஊ’ என்று மழுங்கலாக ஒலிக்கும். இப்போது எஃபெக்ட் மெனுவில் ஆம்ப்ளிஃபை சென்று, அலோ கிளிப்பிங் கட்டத்தில் டிக் செய்து 12 டெசிபல் ஏற்றுங்கள். திரும்பக் கேட்டால் வண்டு ரீங்காரமிடுவது போல இருக்கும். வியூ மெனுவில் ஷோ கிளிப்பிங்கை இயக்கினால், தலை தட்டிய இடங்களெல்லாம் சிவப்பாகத் தெரியும். நீங்கள் கொடுத்தது 400 ஹெர்ட்ஸ் மட்டுமே. தலை தட்டியதால் 1200, 2000 என்று நீங்கள் கேட்காத ஒலிகளும் முளைத்துவிட்டன. ட்வீட்டர் பக்கம் தேவையில்லாமல் சக்தி போவதும் இப்படித்தான்.

டிஜிட்டல் ஆம்ப்ளிபயர் என்பது என்ன?

இவற்றின் சரியான பெயர் கிளாஸ் டி ஆம்ப்ளிபயர். ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். ஏ, பி, சி என்று வகைகள் இருந்தன, அடுத்த எழுத்து டி. அவ்வளவுதான். சாதாரண ஆம்ப்ளிபயரில் டிரான்சிஸ்டர் தண்ணீர்க் குழாய் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடும். கிளாஸ் டி-யில் அது மின் சுவிட்ச் மாதிரி, முழுக்க ஆன் அல்லது முழுக்க ஆஃப். ஒரு நொடிக்குப் பல லட்சம் முறை இப்படி மாறுகிறது. அலை உயரும்போது ஆன் நேரம் நீளும், தாழும்போது குறையும். கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் இந்தத் துடிப்புகளை வடிகட்டி, பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. பாதித் திறந்த நிலை இல்லாததால் சூடாகி வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு.

இது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் 1964-லேயே எக்ஸ்-10 என்ற கிளாஸ் டி ஆம்ப்ளிபயரை விற்றார். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்களுக்கு வேகம் போதாததால் அது சோபிக்கவில்லை. வேகமான டிரான்சிஸ்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒரே சமயத்தில் ஆன் ஆனால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒன்று அணைந்து மற்றொன்று எரிவதற்குள் மிகச் சிறிய இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியே ஒலியைக் கொஞ்சம் கெடுக்கிறது. வெளியே வரும் ஒலியை உள்ளே வருவதோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஃபீட்பேக் சர்க்யூட் இதைக் குறைக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு ஒலியை எடுத்து ஒப்பிடும் ஆம்ப்ளிபயர்களில், காயிலின் குறைகளும் சேர்ந்து திருத்தப்படும். வாங்கும்போது இதைக் குறிப்பிட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். மற்றபடி இதெல்லாம் தயாரிப்பவர் கவலை. நம் கையில் இருப்பது அடாப்டர்.

ஏமாற்றும் வாட் கணக்கு

மைத்துனரின் ஆம்ப்ளிபயருக்குள் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.பி.ஏ. 3116 சிப். நல்ல சிப்தான். அது 50 வாட் தருவது 21 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கரில், அதுவும் 10 சதவீத ஒலிச்சிதைவோடு. 10 சதவீதம் என்றால் யார் காதுக்கும் கரகரப்பு தெரியும். யு.எஸ்.பி. ஸ்பீக்கர்களில் வரும் பி.ஏ.எம். 8403 சிப்பின் 3 வாட் கணக்கும் இதே 10 சதவீதக் கணக்குதான்.

பெட்டியோடு வந்த அடாப்டரோ 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், மொத்தமே 24 வாட். அதிலிருந்து நூறு வாட் எப்படி வரும்? இந்தச் சிப்பில் அலையின் உச்சம் ஏறக்குறைய அடாப்டரின் வோல்ட்டேஜைத் தாண்டாது. 12 வோல்ட் உச்சம் என்றால் சராசரிக் கணக்கில் 8.5 வோல்ட். மைத்துனரின் ஸ்பீக்கர்கள் 8 ஓம். 8.5-ஐ 8.5-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 9 வாட். பெட்டியில் 50, கையில் 9!

குமிழ் விஷயத்தில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. “பாதிதானே திருப்பினேன், இன்னும் பாதி சக்தி மிச்சம் இருக்குமே” என்றார் மைத்துனர். குமிழ் சக்தியைக் காட்டும் மீட்டர் அல்ல. இந்தச் சிப்பை 26 டெசிபல் நிலையில் அமைத்திருந்தால், உள்ளே வருவதை அது 20 மடங்கு பெருக்கும். லேப்டாப் 1 வோல்ட் அனுப்பினால் 20 வோல்ட் வெளியே வர வேண்டும். நம்மிடம் இருப்பது 8.5 தான். ஆகவே குமிழ் முழுதாகத் திரும்பும் முன்பே அலை அடாப்டரின் உச்சியில் முட்டி, இங்கேயும் தலை தட்டையாகிறது.

நான் செய்த வேலை இதுதான். என் வீட்டில் பழுதான ஒரு லேப்டாப்பின் 19 வோல்ட், 65 வாட் அடாப்டர் இருந்தது. அதை இணைத்ததும் அதே கணக்கில் ஒரு ஸ்பீக்கருக்கு 22 வாட் கிடைத்தது. செலவு ஒன்றுமில்லை. ஆனால் அவசரப்பட்டு நீங்களும் செருகிவிடாதீர்கள். ஆம்ப்ளிபயர் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அதன் பின்பக்கத்திலோ கையேட்டிலோ பாருங்கள். பிளக்கின் நடு முள் பிளஸ்தானா என்றும் பாருங்கள். சில போர்டுகளில் 25 வோல்ட் கெபாசிட்டர்களே இருக்கும், அவற்றில் 24 வோல்ட் அடாப்டர் போடுவது எனக்குப் பிடிக்காது. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மின்சாரம் அதிகம் இழுக்கும், ஆம்பியர் கூடுதலான அடாப்டர் வேண்டும்.

(பாட்டே ஓடாதபோது ‘உர்ர்ர்’ என்று இரைகிறதா? அது சிதைவு அல்ல, மின் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் சார்ஜர் வழியே வருகிறது.)

சாயங்காலம் அதே நாதஸ்வரத்தைப் போட்டோம். பக்கத்து அறையில் இருந்த மாமியார், டி.வி. ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஆறாயிரம் ரூபாய் பையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு பாட்டு மட்டும் இன்னும் கரகரத்தது. அந்த எம்.பி.3 கோப்பை ஆடாசிட்டியில் திறந்து பார்த்தால், தொடக்கம் முதல் முடிவு வரை சிவப்புக் கோடுகள். அதை எந்த ஆம்ப்ளிபயராலும் சரி செய்ய முடியாது. அந்தப் பாட்டுக்கு மைத்துனர் இப்போது வேறு பிரதி தேடிக்கொண்டிருக்கிறார்.