குட்டி யானையின் வயிற்றில் உப்பும் பிசுக்கும்

புதுச்சேரி பக்கம் பிள்ளைச்சாவடியில் கடல் அரித்துப் போன வீடுகளைப் பற்றி ஊருக்கே தெரியும். கரைக்கு மீன் ஏற்ற வரும் வண்டிகளையும் அந்தக் கடல் விட்டுவைப்பதில்லை. மூன்று நான்கு வருஷம் அங்கே ஓடிய ஒரு குட்டி யானையின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி ஒயர் முனையில் பச்சைக் களிம்பு. அலுமினிய பாகங்களின் மேல் வெள்ளைப் பொடி. இன்ஜினின் அடியில் கருப்புப் பிசுக்கு. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும், உள்ளே மணல் நறநறக்கும்.

சீட்டைத் தூக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குட்டி யானை என்று நாம் கூப்பிடும், 2005-இல் வந்த டாடா ஏஸுக்கு முன்பக்க பானெட்டுக்குள் இன்ஜின் கிடையாது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினைச் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். அங்கே ஹோஸ் பைப்பை நீட்டினால் கேபினும் சேர்ந்து குளிக்கும்.

இந்த அழுக்கில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது. ஒன்று, கேஸ்கெட்டிலோ சீலிலோ கசியும் ஆயில். அதில் ரோட்டுப் புழுதி ஒட்டிப் பிசுக்காகிறது. இன்னொன்று உப்பு. அலை உடையும்போது பறக்கும் நுண்துளிகள் காற்றிலேயே காய்ந்து உப்புத் துகளாகின்றன. ரேடியேட்டர் ஃபேன் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீர் விட்டுக் கசியும். ராத்திரியில் கடற்கரைக் காற்று அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். வண்டி சும்மா நின்றாலும் இரும்பின் மேல் உப்புத் தண்ணீர் பூசியபடி இருக்கிறது என்று அர்த்தம். அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும். பிசுக்கு இந்த ஈரத்தைக் காயவிடாமல் பிடித்து வைக்கும், இன்ஜின் சூட்டையும் வெளியே விடாது.

ஆகவே கழுவத்தான் வேண்டும். ஆனால் எப்படி? ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிரஷர் பம்ப் வைத்து அடித்துவிட்டு, மறுநாள் மாலை போட்ட வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வாங்கும் சின்ன பம்பே 100 பார் அழுத்தம் தரும். காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கு. ஒயர் சாக்கெட்டின் ரப்பர் சீல் மழைத் தண்ணீரைத் தாங்கும், பக்கத்தில் வைத்து அடிக்கும் இந்த வேகத்தைத் தாங்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு சென்சார்களும் சாக்கெட்டுகளும் பெருகிவிட்டன, ஆகவே ஆபத்தும் பெருகிவிட்டது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் இன்னும் மோசம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடுதான் வளையும்.

பிசுக்கை எடுக்க வேண்டியது கை. தண்ணீர் உப்பை அலசுவதற்கு மட்டும்.

வண்டியை நிழலில் நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள், தொட்டால் வெதுவெதுப்பு போதும். கொதிக்கும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். மோதிரம், காப்பைக் கழற்றி வைத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் எடுங்கள். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் இடித்த மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும். ஏர் ஃபில்டர் வாய், ஃப்யூஸ் பாக்ஸ், டைனமோ, கம்ப்யூட்டர் பெட்டி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டுங்கள்.

பெட்ரோல் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் எங்கோ எரியும் அடுப்பில் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் பெல்ட்டும் ஹோஸும் ஊதிப் போகும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைத்துவிடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தண்ணீரில் கரையும் டீகிரீசர் கிடைக்கிறது, அது போதும்.

முதலில் பழைய ஸ்க்ரூடிரைவர் அல்லது மரக்குச்சியால் கெட்டிப் பிசுக்கைச் சுரண்டி ஒரு தகரத்தில் சேருங்கள். பிறகு பெயிண்ட் பிரஷ்ஷால் டீகிரீசரைத் தடவி ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள், காயவிடக் கூடாது. டைனமோவுக்குக் கீழே ஒரு சந்து இருக்கும், பிரஷ் நுழையாது. அங்கே பழைய டூத் பிரஷ்ஷின் காம்பைச் சூடு காட்டி வளைத்து விட்டால் நுழையும். நாலு தேய்ப்பில் கருப்புக்கு அடியில் உலோகத்தின் நிறம் தெரியும்போது ஒரு சந்தோஷம் வருகிறது பாருங்கள், அது தனி. பனியன் வேஸ்ட்டால் துடைத்தெடுத்து, கடைசியில் பூவாளியால் மெல்ல அலசுங்கள். கரையோர போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் அலசினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்த கதைதான். குடிக்கிற நல்ல தண்ணீர் இரண்டு குடம் செலவானாலும் பரவாயில்லை.

பேட்டரி முனைக் களிம்பு அமிலத்தால் வந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துத் தடவினால் பொங்கி அடங்கும். அந்தக் கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காய்ந்த பின் வாசலின் பூசலாம்.

சுரண்டிய பிசுக்கையும் ஆயில் துணியையும் சாக்கடையில் போடாதீர்கள், அந்தச் சாக்கடை போய்ச் சேருவது வலை போடும் கடலில். சட்டப்படி கழிவு ஆயில் அபாயக் கழிவு. டப்பாவில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

சீட்டைத் திறந்தபடி இரண்டு மணி நேரம் காயவிட்டு, கட்டிய பைகளை அவிழ்த்து, மைனஸ் ஒயரைக் கடைசியாக மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குனியாதீர்கள், ஓடும் பெல்ட் நுனியைப் பிடித்து இழுத்துவிடும். கால் மணி நேரம் ஓடட்டும்.

மறுநாள் லோடு இறக்கி வந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமான உலோகத்தில் ஒரே ஒரு கருப்புக் கோடு புதிதாக இறங்கியிருந்தால், அதன் மேல்முனை எந்த சீலில் முடிகிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும்.