விடையும் அதன் சோதனையும்

வினாவிற்கு விடை காண்பதோடு அறிவு முற்றுப்பெறுவதில்லை. கண்ட விடை மெய்யா என ஆராய்தலும் இன்றியமையாதது.

இயற்பியல் பயிலத் தொடங்கும் மாணவன் செய்யும் எளிய கணக்குகளுள் ஒன்று வருமாறு: கிணற்றின் விளிம்பிலிருந்து கைவிடப்பட்ட கல் 2 வினாடியில் நீரைத் தொடுகின்றது, நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது? காற்றின் தடை மிகச் சிறிதாதலின் அதனை அவன் கணக்கிற் கொள்வதில்லை. புவியீர்ப்பினால் கல்லின் வேகம் ஒவ்வொரு வினாடியிலும் வினாடிக்கு 9.8 மீட்டர் மிகுகின்றது. தொடக்கத்தில் சுழியாக இருந்த வேகம், 2 வினாடி முடிவில் வினாடிக்கு 19.6 மீட்டர் ஆகின்றது. ஆகவே, சராசரி வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர், 2 வினாடியில் கல் கடந்த தொலைவு 19.6 மீட்டர். கயிற்றை இறக்கி அளந்தால் இவ்விடையின் உண்மை புலப்படும். கயிறு 30 மீட்டர் எனக் காட்டுமாயின், கணக்கிட்டவர் எத்துணைப் புகழுடையவராயினும் அவ்விடை தவறே.

மாந்தர் இயல்பை அளப்பதாகக் கூறும் ஆளுமைச் சோதனைக்கும் இத்தகைய ஆராய்ச்சி வேண்டும். 1948ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூல் அறிஞர் பெர்ட்ராம் ஃபோரர், தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்றை நடத்தினார். பின்னர், அவரவர் இயல்பை விளக்குவது எனக் கூறி ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பினை அளித்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகின்றது என 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுமாறு பணித்தார். சராசரி மதிப்பெண் 4.26 ஆயிற்று. அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. அனைவரும் பெற்ற குறிப்பு ஒன்றே! அதிலிருந்த தொடர்களுட் பெரும்பாலானவை சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. பிறர் பாராட்டை விரும்புதல், உள்ளூரக் கவலையுறுதல் முதலிய இயல்புகள் எவரிடத்துத்தான் இல்லை?

இதனால் ஆளுமைச் சோதனைகள் யாவும் பயனற்றவை என்று கருதுதல் கூடாது. நல்ல சோதனை, சில நாள் கழித்து மீண்டும் நடத்தினும் ஏறத்தாழ அதே முடிவினைத் தரும்; ஒருவரை மற்றவரினின்று வேறுபடுத்திக் காட்டும்; அவர்தம் நடத்தையோடு ஒத்திருக்கும். இவற்றை ஆராயாது, மனத்திற்கு இனிக்கின்றது என்பதனாலேயே ஒரு முடிவை நம்பித் தமக்குரிய கல்வியையும் தொழிலையும் தேர்ந்தெடுப்போர் ஏமாற்றமடைவர்.

எல்லாக் கிணறுகளுக்கும் 19.6 மீட்டர் என்று கூறும் கருவி எந்தக் கிணற்றையும் அளந்ததாகாது. அதுபோலவே, எல்லார்க்கும் பொருந்தும் உரை எவருடைய இயல்பையும் உணர்த்தியதாகாது.