பாம்புக்கடியும் சினிமா வைத்தியமும்

ஹீரோயின் காலில் பாம்பு கொத்துகிறது. ஹீரோ கர்ச்சீப்பால் இறுக்கிக் கட்டி, வாயால் விஷத்தை உறிஞ்சித் துப்புகிறார். அடுத்தது டூயட்! காமிக்ஸிலும் இதே வைத்தியம்தான்.

போடியில் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இதை நம்பினால் ஆபத்து. ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையோடு படரும் சரத்தில்தான் காய்க்கிறது. குனிந்து கைவிடும் அந்த நிழலில்தான் குழிவிரியனும் சுருண்டு கிடக்கும்.

கடித்த நொடியே விஷம் சதைக்குள் இறங்கிவிடும். உறிஞ்சினால் வருவது பெரும்பாலும் ரத்தம்தான். விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது என்பதால், கீறிவிடுவது இன்னும் மோசம். இறுக்கிக் கட்டினால் விரலே அழுகிப் போகலாம்.

மருத்துவமனையில் செய்வது வேறு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. சினிமாவுக்கு ஆகாத காட்சி. உயிர் காப்பது இதுதான்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குமானது. மலைக் குழிவிரியன்களுக்கு அதை நம்ப முடியாது. ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று டாக்டர்கள் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

ஆகவே பாம்பைத் துரத்த வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கையை அசையாதபடி கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். காலையில் ஆளை இறக்கிவிட்டுப் போகும் ஜீப்களில் ஒன்றாவது, மாலை வரை தோட்டத்திலேயே நிற்கட்டும்.