ஓடு மறைத்ததை மரபணு சொன்னது

கலிஃபோர்னியாவின் கரைப் பாறைகளிலும் துறைமுகத் தூண்களிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் நீலச் சிப்பிகளை, 1980கள் வரை ஆய்வாளர்கள் மைட்டிலஸ் எடுலிஸ் என்ற ஒரே பெயரில் குறித்துவந்தார்கள். 1988இல் புரதங்களின் மரபு வேறுபாடுகளை ஆராய்ந்தபோதுதான், அங்கே இருப்பவை இரண்டு இனங்கள் என்பது தெளிவானது. வடக்கே இருப்பது பசிபிக்கின் சொந்த இனமான டிராசுலஸ். தெற்கே மண்டிக்கிடப்பது மத்தியதரைக் கடலைச் சேர்ந்த காலோபுரோவின்சியாலிஸ். நடுவே இரண்டும் கலந்து கலப்பினமும் பிறக்கிறது.

அப்படியானால் தெற்கில் முன்பு இருந்தது எது? இதைக் கண்டறிய ஆய்வாளர் ஜோனதன் கெல்லர் அருங்காட்சியகத்துக்குப் போனார். 19ஆம் நூற்றாண்டில் தென்கரையில் சேகரித்த சிப்பிகளின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துப் பார்த்தார். அவை டிராசுலஸ். ஒரு கரை முழுக்கச் சொந்த இனம் அழிந்து, வந்தேறி இனம் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. கடலோரத்தில் வேலை செய்த விஞ்ஞானிகளே அதைக் கவனிக்கவில்லை. 1999இல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு இன்றும் அச்சமூட்டுகிறது.

ஓட்டின் வடிவம் அலைக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் அதை நம்ப முடியாது. பாறையில் ஒட்டிக்கொள்ளச் சிப்பி சுரக்கும் பசைப் புரதத்தின் மரபணு அப்படி மாறாது. அதன் ஒரு துண்டைப் பிசிஆர் முறையில் பெருக்கினால், எடுலிஸில் அது 180 கார இணை நீளம், டிராசுலஸில் 168, காலோபுரோவின்சியாலிஸில் 126. இவற்றில் இரண்டு நீளங்கள் சேர்ந்து தெரிந்தால் அது கலப்பினம். கண்ணுக்கே தெரியாத இளம்புழுவைக்கூட இப்படி இனம் பிரிக்கலாம். ஆனால் கலப்பினம் மறுபடி தாய் இனத்தோடு சேர்ந்தால், அதன் பிள்ளை இந்த ஒரு சோதனையில் தூய இனமாகத் தெரியக்கூடும். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை மட்டும் நம்பவும் வழியில்லை: இந்தச் சிப்பிகளில் ஆண் பிள்ளைகளுக்குத் தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவும் போய்ச் சேர்கிறது. அதனால் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நம் கரைக்கும் இந்தப் பாடம் வந்துவிட்டது. அமெரிக்க வெப்பக் கடல்களின் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்ற சிப்பி கொச்சிக் காயலில் இருப்பது 2019இல் பதிவானது. எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்வது இதைத்தான். இதன் ஓடு கறுப்பு, பழுப்பு, பச்சை என்று நிறம் மாறுவதால், குஞ்சுப் பருவத்தில் நம் பச்சை ஆழியோடு குழம்ப வாய்ப்புண்டு. கடலோரக் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் இன்றே ஒவ்வொரு முகத்துவாரத்திலும் ஆழிகளைச் சேகரித்து, இடமும் தேதியும் எழுதி, ஆல்கஹாலில் பாதுகாத்து வைக்க வேண்டும்.