கன்று சொல்லும் முதல் சேதி



"ஐயா, சினை ஊசி போட்டு இருபத்திரண்டு நாளாச்சு. மாடு கத்தலே, வழும்பும் ஒழுகலே. சினை நின்னுடுச்சுன்னு வெச்சுக்கலாமா?" மாடு வளர்ப்போர் கால்நடை மருத்துவரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லுமுன், அந்த இருபத்திரண்டு நாளில் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பசு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. சினைப்பையில் முட்டை வெளியான இடத்தில் மஞ்சளாக ஒரு சதைத்திரள் வளரும். அது சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன்தான் கரு தங்குவதற்கு ஏற்றபடி கருப்பையைப் பக்குவமாக வைக்கிறது. கரு இல்லையென்றால், 16, 17-ஆம் நாள் வாக்கில் கருப்பை புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி அந்தத் திரளைக் கரைத்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வரும்.

கரு இருந்தால்? "நான் இருக்கிறேன், கலைத்துவிடாதே" என்று அது தாய்க்குச் சேதி சொல்லியாக வேண்டும். நாலைந்து நாளில் கருப்பைக்கு வந்து சேரும் கரு கடுகை விடச் சிறியது. இரண்டு வாரம் ஆகும்போது அது நூல் போல நீளத் தொடங்கி, 17-ஆம் நாளில் ஏறக்குறைய ஒரு சாண் ஆகிவிடும். அந்த நூல் சுரக்கும் இன்டர்பெரான் டௌ என்ற பொருள்தான் சேதி. அது கிடைத்தால் கருப்பை தன் கையை நிறுத்திக்கொள்ளும். அதன் பிறகே கரு கருப்பைச் சுவரில் மெல்ல ஒட்டத் தொடங்கும். கன்று ஈன்று கொடி போடும்போது, கொடியில் பூப்பூவாகத் தெரிவதெல்லாம் அப்படி ஒட்டியிருந்த இடங்கள்தான்.

இந்த ஏற்பாடு வந்த வழி வேடிக்கையானது. ஆஸ்திரேலியாவில் உள்ள பிளாட்டிபஸ் பால் கொடுத்தாலும் இன்றும் முட்டைதான் இடுகிறது. தென் அமெரிக்காவில் எலி போன்ற ஒரு வகை ஒப்போசத்துக்குச் சினைக்காலம் 14 நாளே. அதில் முதல் 12 நாளும் கரு மெல்லிய ஓட்டுக்குள் இருக்கும். ஓடு நீங்கிக் கரு ஒட்டியதும், முள் தைத்த இடம் வீங்குவது போலக் கருப்பை அழற்சி காட்டும். ஓரிரு நாளில் குட்டி பிறந்துவிடும். அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, மற்றப் பாலூட்டிகளில் கரு ஒட்டுவது இந்தப் பழைய அழற்சியிலிருந்தே உருவானது என்று 2017-ல் எழுதினார்கள். நம் மாடு, ஆடு, மனிதர் அடங்கிய வரிசையில் அந்த எதிர்ப்பு அடங்கி, கரு மாதக்கணக்கில் தங்க வழி பிறந்தது.

இன்டர்பெரானும் அப்படித்தான். வைரஸ் தாக்கும்போது உடம்பு சுரக்கும் தற்காப்புப் பொருள்களின் குடும்பம் அது. அசைபோடும் பிராணிகளில் மட்டும், அந்தக் குடும்பத்தில் ஒன்று கன்றின் சேதியாகிவிட்டது.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம். கருக்கள் வீணாவது பெரும்பாலும் இந்த முதல் மூன்று வாரத்துக்குள்தான். சேதி பலவீனமாயிருந்தாலோ நேரம் தவறினாலோ கரு போய்விடும். நமக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் ஊசி போட்ட பிறகு மாட்டை வெயிலில் கட்டாதீர்கள். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். வண்டியில் ஏற்றித் தூரம் கொண்டுபோக வேண்டாம். தீவனத்தைத் திடீரென்று மாற்ற வேண்டாம்.

18-ஆம் நாளிலிருந்து 24-ஆம் நாள் வரை காலையும் மாலையும் கவனியுங்கள். கத்தவில்லை என்பது நல்ல அறிகுறியே. ஆனால் அதுவே சாட்சி ஆகாது. எருமையில் ஊமைப் பருவம் சகஜம். இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் காட்டிச் சினை பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக ஒன்று. மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் ஊசிகளில் ஒன்று, மேலே சொன்ன அதே புரோஸ்டகிளாண்டின்தான். சினை மாட்டுக்குத் தவறிப் போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே சினை இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அந்த ஊசிக்கு அவசரப்படாதீர்கள். கன்று சொன்ன சேதியைத் தாய் கேட்டிருக்கலாம். நாம்தான் கேட்காமல் போய்விடக் கூடாது.